தூண்டில்காரரின் அஞ்சறைப் பெட்டி

நம் வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்கு இருக்கிற மரியாதை வேறு எந்தச் சாமானுக்கும் கிடையாது. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை, மிளகுக்கு ஓர் அறை, வெந்தயத்துக்கு ஓர் அறை, உளுத்தம் பருப்புக்கு ஓர் அறை. ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அன்றைய சமையல் அம்பேல்! எண்ணெய் காய்ந்து புகைகிற சமயத்தில் "கடுகு எங்கே?" என்று தேடிக்கொண்டிருக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கடுகுதான் வர வேண்டும்.

அமெரிக்காவில் ஏரிக்கரைக்குப் பொழுதுபோக்காக மீன் பிடிக்கப் போகிறவர்களிடமும் இப்படி ஒரு பெட்டி உண்டு. 'டாக்கிள் பாக்ஸ்' என்று அதற்குப் பெயர். தூண்டில் சாமான் பெட்டி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். மூடியைத் திறந்தால் உள்ளேயிருக்கும் தட்டுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து விரியும். கொலுப்படி கட்டியது போல இருக்கும் அந்தக் காட்சி! ஒவ்வொரு படியிலும் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு பொம்மை. சிவப்புத் தலை மீன், பச்சைத் தவளை, வெள்ளித் தகடு, பாவாடை கட்டிய வண்டு, ஊதா நிறப் புழு. எல்லாம் பொய். ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் இருக்கிற முள் மட்டும் நிஜம்.

"மீன் பிடிக்கிற பெட்டிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. அந்தப் பெட்டிதான் அமெரிக்கப் பெண்களின் அலங்கார மேஜை மேல் வந்து உட்கார்ந்தது!

ஒரு புகைப்படம் செய்த வேலை

சிகாகோ நகருக்கு மேற்கே, இல்லினாய் மாநிலத்தில், பிளானோ என்றொரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி அங்கே பிளாஸ்டிக் தூண்டில் பெட்டிகள் செய்து வந்தது. அதற்கு முன்னெல்லாம் இந்தப் பெட்டிகள் இரும்புத் தகட்டிலோ அலுமினியத்திலோதான் வரும். கனம் அதிகம், இரும்பாக இருந்தால் துருவும் பிடிக்கும். படகில் கீழே வைத்தால் 'டமார்' என்று சத்தம் கேட்டு மீனெல்லாம் ஓடிவிடும். பிளாஸ்டிக் பெட்டி இந்த மூன்று கஷ்டத்தையும் தீர்த்தது. 1950-களிலிருந்து அது ஊரெங்கும் பரவியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அமெரிக்க டெலிவிஷனில் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற போட்டி நிகழ்ச்சியில் எழுத்துக்களைத் திருப்பிக் காட்டிப் புகழ் பெற்றவர் வான்னா ஒயிட். அவர் தம்முடைய பவுடர், லிப்ஸ்டிக், மை முதலிய சாமான்களை ஒரு தூண்டில் பெட்டியில் வைத்திருப்பதைக் காட்டும் படம் 'பீப்பிள்' பத்திரிகையில் வெளிவந்தது. பிளானோ கம்பெனிக்காரர்களின் கண்ணில் அது பட்டது. 'அட, நம்முடைய பெட்டி!' என்று மகிழ்ந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அதே பெட்டியை இளஞ்சிவப்பிலும் இளநீலத்திலும் வார்த்து, ஒரு கண்ணாடியையும் பொருத்தி, 1987-ல் 'கபூடில்ஸ்' என்ற பெயரில் கடைக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பெண்களிலிருந்து பாட்டிமார் வரை வாங்கித் தள்ளினார்கள்.

கம்பெனிக்குத் தோன்றாத யுக்தி ஒரு பெண்மணிக்குத் தோன்றியது. அடுக்கி வைப்பதில் நம்மவர்களுக்கு உள்ள சாமர்த்தியம் சாதாரணமா என்ன?

தூண்டில் உலகத்தில் பெண்களின் கை இதற்கு முன்பே பதிந்திருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊரில் ஆர்விஸ் என்ற பழைய தூண்டில் கம்பெனி இருக்கிறது. அதை ஆரம்பித்தவரின் மகள் மேரி ஆர்விஸ் மார்பரி. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரியே பொய் இரை கட்டுகிற பிரிவை அவர்தான் நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கியதால், கடிதம் எழுதி ஆர்டர் கொடுத்தால் வேறெதுவோ வந்து சேரும். மேரி அம்மையார் நாடெங்கும் இருந்த தூண்டில்காரர்களுக்குக் கடிதம் எழுதி விவரம் சேகரித்து, வர்ணப் படங்களுடன் 1892-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் பூச்சிகளின் பெயர்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. சமையல் குறிப்பில் 'கொஞ்சம்' என்று இருந்ததை 'ஒரு தேக்கரண்டி' என்று திருத்தி எழுதியது போன்ற வேலை அது.

பாஸ் என்கிற பெரிய வாய்க்காரன்

இத்தனை ஏற்பாடும் எந்த மீனுக்காக? முக்கியமாக 'பாஸ்' என்ற மீனுக்காக. பரீட்சையில் பாஸ் ஆவதற்கும், ஆபீசில் நம் வீட்டுக்காரரை விரட்டுகிற பாஸுக்கும், இந்த மீனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழ்கிற நன்னீர் மீன் இது. பச்சை உடம்பு, விலாவில் கறுப்புப் பட்டை. வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடையின் ஓரம் கண்ணையும் தாண்டிப் பின்னால் போய் நிற்கும். அந்த வாய்க்குள் சின்ன மீன், தவளை, நண்டு, எலிக்குஞ்சு எது அடங்கினாலும் சரிதான். செடி மறைவில் அசையாமல் காத்திருந்து, இரை அருகே வந்ததும் வாயை அகலத் திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும்.

அதன் இந்தப் பேராசையை நம்பித்தான் பொம்மைத் தொழிலே நடக்கிறது. மீனுக்குக் கண் மட்டுமல்ல, உடம்பின் இரண்டு பக்கத்திலும் நீளவாக்கில் ஓடுகிற ஒரு கோடும் உண்டு. தண்ணீரில் ஏற்படும் சிறு அதிர்வையும் அந்தக் கோடு உணர்ந்துகொள்ளும். ஆகவே பொய் இரை என்பது பார்வைக்கு மட்டும் மீனாக இருந்தால் போதாது. அது தண்ணீரில் நடுங்க வேண்டும், நெளிய வேண்டும், மினுக்க வேண்டும். தகடு சுழல்கிற பொம்மை கலங்கிய நீருக்கு. முகத்தில் குழிவான வாயுள்ள பொம்மை தண்ணீரின் மேலே 'பளுக்' என்று சத்தம் எழுப்ப. முன்னால் தட்டையான உதடு வைத்த பொம்மை, இழுக்க இழுக்க ஆழத்துக்குப் போக. ஈயத் தலையும் ரப்பர்ப் பாவாடையும் கொண்டது, அடியில் நண்டு மாதிரி தத்திச் செல்ல. அதனால்தான் பெட்டியில் இத்தனை அறைகள்.

பொய் இரைகளில் ஒன்று நம் சாப்பாட்டு மேஜையிலிருந்தே போனது. ஜூலியோ பியூயல் என்ற அமெரிக்கர் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி கை தவறித் தண்ணீரில் விழுந்ததாம். அது பளபளவென்று ஆடி ஆடி இறங்க, ஒரு மீன் பாய்ந்து வந்து விழுங்கிற்றாம்! கதை எவ்வளவு தூரம் உண்மையோ, கரண்டி வடிவத் தூண்டிலுக்கு அவர் 1852-ல் பேடண்ட் வாங்கியது வாஸ்தவம். இன்றும் அந்த வகைக்குக் கரண்டி என்றே பெயர்.

சாக்லெட் காகிதத்தில் பிறந்த மீன்

பின்லாந்து தேசத்தில் பைய்யானே என்ற பெரிய ஏரிக்கரையில் லௌரி ரப்பாலா என்ற ஏழை மீனவர் இருந்தார். மீன் பிடித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். படகில் போகும்போதெல்லாம் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூட்டமாகப் போகிற நூறு சின்ன மீன்களில் ஒன்று மட்டும் அடிபட்டுச் சற்றே சாய்ந்து தள்ளாடிப் போனால், பெரிய மீன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றின் மேல்தான் பாய்கிறது என்று கவனித்தார்.

அந்தத் தள்ளாட்டத்தைச் செய்து காட்டினால் என்ன? 1936-ல் அவர் தக்கைக் கட்டை ஒன்றைக் கத்தியால் சீவி மீன் வடிவம் செய்தார். மேலே பளபளப்பு வேண்டுமே? சாக்லெட் சுற்றி வந்த வெள்ளிக் காகிதத்தை ஒட்டினார். தண்ணீர் புகாமல் இருக்க வேண்டுமே? வார்னிஷ் வாங்கக் காசில்லை. பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். வீட்டில் வீணாய்ப் போகிற பொருளிலிருந்து ஒரு பொம்மை பிறந்துவிட்டது. பிள்ளைகளும் வளர்ந்து இந்தத் தொழிலில் சேர்ந்தார்கள். ஒவ்வொரு பொம்மையையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, சரியாக நீந்துகிறது என்று தெரிந்த பிறகே விற்பது என்பது அந்தக் குடும்பத்தின் கட்டுப்பாடு.

ரப்பாலா பொம்மை அமெரிக்காவுக்குப் போனதும் பாஸ் பிடிப்பவர்கள் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். 1962 ஆகஸ்ட் மாதம் 'லைஃப்' பத்திரிகை அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதே இதழின் அட்டையில் இருந்தது, அந்த மாதம் காலமான நடிகை மர்லின் மன்றோவின் படம். நடிகையின் கதையைப் படிப்பதற்காக லட்சக்கணக்கானவர்கள் பத்திரிகையை வாங்கினார்கள். பக்கத்தைப் புரட்டியபோது பின்லாந்து மீனும் கண்ணில் பட்டது. ஆர்டர்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. ஒரு வீட்டின் துயரச் செய்தி, எங்கோ பனி தேசத்தில் இன்னொரு வீட்டுக்குச் சோறு போட்டது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்!

அடுப்பில் வெந்த புழு

இன்னொரு கண்டுபிடிப்பு சமையலறையிலேயே நடந்தது. ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற நகரம், டயர்த் தொழிற்சாலைகளுக்குப் பேர் போனது. அங்கே நிக் கிரீம், காஸ்மா கிரீம் என்று ஒரு தம்பதி. நிக்கிற்கு மீன் பிடிப்பதில் மோகம். மண்புழுவைத் தோண்டுவதும் டப்பாவில் காப்பாற்றுவதும் தொல்லையாக இருந்தது. மரத்தாலும் உலோகத்தாலும் மீன் செய்யலாம். புழுவின் வழவழப்பும் நெளிவும் வருமா?

1949-ல் கணவனும் மனைவியும் வீட்டு அடுப்பிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். வினைல், எண்ணெய், சாயம் இவற்றைக் கலந்து காய்ச்சுவது. நிஜப் புழுவை வைத்து எடுத்த அச்சில் ஊற்றுவது. பாகு பதம் தப்பினால் மைசூர்பாகு கல்லாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கும் அதே கஷ்டம்தான். பதம் தப்பினால் புழு விறைத்துப் போகும். இல்லாவிட்டால் கையோடு பிய்ந்து வரும். கடைசியில் பதம் கிடைத்தது. மிருதுவான பிளாஸ்டிக் புழு பிறந்தது. பிற்பாடு அவர்களுடைய தொழில் டெக்ஸாஸ் மாநிலத்தில் டைலர் நகருக்குக் குடிபோயிற்று. பாஸ் பிடிப்பவர்களின் பெட்டியில் இன்று வேறெது இல்லாவிட்டாலும் இந்தப் புழு இருக்கும்.

பெட்டியைத் தின்ற புழு

ஆனால் புழு வந்ததும் பெட்டிக்கு ஆபத்து வந்தது. பிளாஸ்டிக் புழுவை அறையில் போட்டு வெயிலில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்துத் திறந்தால், புழு இருந்த இடம் பசையாக உருகிக் கிடக்கும். பெட்டியின் அடியில் ஓட்டையே விழுந்துவிடுவதும் உண்டு.

இது என்ன மாயம் என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியும். ஜாமெட்ரி பெட்டியில் ரப்பரையும் பிளாஸ்டிக் ஸ்கேலையும் சேர்த்து வைத்து, கோடை விடுமுறை முடிந்து திறந்து பாருங்கள். ரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருக்கும். இரண்டும் ஒரே சங்கதி. வினைல் பிளாஸ்டிக் இயற்கையில் விறைப்பானது. அதை மிருதுவாக்க ஒருவித எண்ணெய்ப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய் அங்கேயே அடங்கி இருப்பதில்லை. பக்கத்திலுள்ள கடினமான பிளாஸ்டிக்குக்குள் கசிந்து போய் அதையும் இளக்கிவிடுகிறது.

கம்பெனிகள் பெட்டியின் பிளாஸ்டிக்கை மாற்ற வேண்டியதாயிற்று. பாலிப்ரோபிலீன் போன்ற, இந்தக் கசிவுக்கு அசையாத வகையில் பெட்டி வார்த்து, 'புழுவுக்கு அஞ்சாத பெட்டி' என்று விளம்பரம் செய்தார்கள். விவரம் தெரிந்த தூண்டில்காரர்கள் இன்றும் மிருதுவான புழுவை அது வந்த பையிலேயே வைத்திருப்பார்கள். வேறு வேறு நிறப் புழுக்களை ஒன்றாகப் போட்டாலும் சாயம் ஏறிவிடும். பட்டுப் புடவையோடு சாயத் துணியை ஊறப் போட்ட கதைதான்!

இப்போது வருகிற புதுப் பெட்டிகள் படிக்கட்டுப் பெட்டிகள் அல்ல. தட்டையான, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற டப்பாக்கள். அறைச்சுவர்களை எடுத்து வேண்டிய இடத்தில் செருகிக்கொள்ளலாம். இரண்டு அளவுகள் பிரசித்தம்: ஏறக்குறைய 11 அங்குல நீளம் 7 அங்குல அகலம் ஒன்று, 14 அங்குல நீளம் 9 அங்குல அகலம் மற்றொன்று. புழுவுக்கு ஒரு டப்பா, தகடுக்கு ஒரு டப்பா என்று நிரப்பி, புத்தகங்களை அடுக்குவது போலத் துணிப் பைக்குள் செருகிக்கொள்கிறார்கள். அன்றைக்கு எது வேண்டுமோ அந்த டப்பாவை மட்டும் எடுத்துப் போனால் போதும்.

துருவுக்கும் வைத்தியம் வந்திருக்கிறது. சில பெட்டிகளின் பிளாஸ்டிக்கிலேயே துருவைத் தடுக்கும் மருந்தைக் கலந்து விடுகிறார்கள். அது மெல்ல ஆவியாகி முட்களின் மேல் படிந்து காக்கும். சில பெட்டிகளில் தண்ணீர் புகாமல் மூடியைச் சுற்றி ரப்பர் வளையம். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளித் தண்ணீர் உள்ளே போகாத பெட்டியிலிருந்து உள் ஈரமும் வெளியே போகாது. ஈரப் பொம்மையை அப்படியே போட்டு இறுக மூடினால், ஈரக் கரண்டியை ஊறுகாய் ஜாடியில் விட்ட மாதிரிதான். முதலில் உலர்த்த வேண்டும். பிறகுதான் மூட வேண்டும். இந்த ஒரு விதியை எந்தப் புது விலை கொடுத்தாலும் மாற்ற முடியாது.

அடித்தட்டில் விஷம்

பெட்டியின் அடித்தட்டில் சாதுவாக உருண்டு கிடக்கும் சிறு குண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூண்டில் நரம்பு தண்ணீரில் அமிழ்வதற்காகக் கட்டுகிற ஈயக் குண்டுகள் அவை. ஈயம் மலிவு, கனம், மிருது. நரம்பில் மாட்டிப் பல்லால் கடித்து இறுக்குகிற பழக்கமும் பலருக்கு உண்டு. அது மகா தப்பு. ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. தூண்டில் பெட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பண்டம் எடுத்துத் தின்னக் கூடாது. எட்டுகிற உயரத்தில் பெட்டியைத் திறந்து வைக்கவும் கூடாது.

மனிதர்களாவது எச்சரித்தால் கேட்பார்கள். பறவைகள்? அன்னம் முதலிய நீர்ப்பறவைகளுக்குப் பல் கிடையாது. இரையை அரைப்பதற்காகச் சின்னக் கூழாங்கற்களைப் பொறுக்கி விழுங்குகின்றன. ஏரியடியில் அறுந்து கிடக்கும் ஈயக் குண்டு அவற்றின் கண்ணுக்குக் கூழாங்கல்தான். வயிற்றில் அது அரைபட்டுக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. பிரிட்டனில் அன்னங்கள் இப்படிக் கழுத்துத் துவண்டு செத்துக்கொண்டிருந்ததால், 1987-ல் பெரும்பாலான ஈயக் குண்டுகளுக்குத் தடை போட்டார்கள். அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளில் 'லூன்' என்றொரு பறவை. இரவில் அது எழுப்பும் நெடுங்குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதுவும் இந்தக் குண்டுக்குப் பலியாகிறது. நியூ ஹாம்ஷயர் முதலிய மாநிலங்கள் சிறிய ஈயக் குண்டுகளுக்குச் சட்டம் மூலம் தடை விதித்திருக்கின்றன.

இன்று டங்ஸ்டன், வெள்ளீயம், எஃகு ஆகியவற்றில் குண்டுகள் கிடைக்கின்றன. டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனமான உலோகம். அதனால் குண்டு சிறியதாகவே போதும். விலை கூட. ஒரு பறவையின் உயிர் அதைவிடப் பெரிதல்லவா?

கூடு காக்கும் தகப்பன்

பாஸ் மீனின் குடும்பக் கதை கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வசந்த காலத்தில் தண்ணீர் சற்றுச் சூடானதும் ஆண் மீன் கரையோரத்தில் வாலால் மண்ணை விலக்கிக் கிண்ணம் போல ஒரு கூடு செய்யும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு தாயும் தகப்பனும் அந்த ஆண் மீன்தான்! துடுப்பால் விசிறிக்கொண்டே முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் காட்டும். அருகில் வருகிற எதையும் விரட்டும். குஞ்சு பொரித்த பிறகும் அந்தக் கறுப்பு மேகம் போன்ற கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காவல் காக்கும். இந்த நாட்களில் தான் சாப்பிடுவதைக்கூட அது பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

அந்தச் சமயத்தில் கூட்டின் மேல் ஒரு பொம்மையைப் போட்டால் தகப்பன் மீன் கட்டாயம் கடிக்கும். பசியால் அல்ல; பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக. தூண்டிலில் அது மேலே போன சில நிமிஷத்தில், காத்திருக்கும் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். உடனே திரும்ப விட்டாலும் தகப்பன் வந்து சேரும்போது கூடு காலியாக இருக்கலாம். இதனால்தான் கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் முட்டையிடும் காலம் முடிகிற வரை பாஸ் பிடிக்கவே தடை உண்டு.

பிடித்த மீனை உயிரோடு விடுகிற வழக்கமும் வெகு காலத்துப் பழக்கமல்ல. அலபாமா மாநிலத்தில் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த ரே ஸ்காட் என்பவர் 1967-ல் பாஸ் பிடிக்கும் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தார்; மறு வருஷம் ஒரு சங்கமும் அமைத்தார். முதலில் பந்தயத்தில் பிடித்த மீனெல்லாம் செத்துத்தான் கரை வந்தது. 1972-ல் அவரே, "பிடித்ததைக் கொல்லாதே" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். படகில் தண்ணீர்த் தொட்டி வைத்து, மீனை எடை போட்டுவிட்டுத் திரும்ப ஏரியில் விடுவது என்பது வழக்கமாயிற்று.

இதற்கு நேர்மாறாக ஒரு பழைய கதையும் உண்டு. 1932 ஜூன் 2-ம் தேதி. பஞ்சமும் வேலையின்மையும் அமெரிக்காவை வாட்டிய காலம். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாய இளைஞர் மாண்ட்கோமரி ஏரியில் ஒரு பாஸ் பிடித்தார். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். பத்துக் கிலோவுக்கும் மேல். உலக சாதனை! பத்திரிகைப் போட்டியில் பரிசும் கிடைத்தது. சரி, அந்தச் சாதனை மீன் எங்கே? குடும்பத்தார் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பசித்த வீட்டுக்குக் கண்ணாடிப் பேழையில் வைக்கிற மீன் எதற்கு?

பிவா ஏரிக்கரையில் வேறொரு பெட்டி

அந்தச் சாதனையை 77 வருஷங்களுக்குப் பிறகு எட்டிப் பிடித்தவர் அமெரிக்கர் அல்ல; ஜப்பானியர். 2009 ஜூலை 2-ம் தேதி பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த பாஸ், பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸுக்குள்தான் கனம். இரண்டு அவுன்ஸாவது கூட இருந்தால்தான் புதுச் சாதனை என்பது விதி. ஆகவே இருவருக்கும் சமமான இடம்.

அமெரிக்க மீன் ஜப்பானுக்கு எப்படிப் போயிற்று? 1925-ல் அகபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து ஏரிக்கு ஏரி பரவிற்று. பெரிய வாய்க்கு முன்னால் உள்ளூர்ச் சின்ன மீன்கள் என்ன செய்யும்? பிவா ஏரியில் மட்டுமே வாழ்கிற ஒரு கெண்டை வகையை அரிசிச் சோற்றில் மாதக்கணக்காய் ஊறவைத்து 'ஃபுனாஸுஷி' என்ற பண்டம் செய்வார்கள். பரம்பரையாக வந்த கைப்பக்குவம். அந்தக் கெண்டை குறைந்துபோயிற்று. குறைந்ததற்குக் கரையோர நாணல் காடுகள் அழிந்ததும் ஒரு காரணம். வெளியூர் மீன்கள் இன்னொரு காரணம்.

ஆகவே ஷிகா மாகாணத்தில் 2003 முதல், பிடித்த பாஸ் மீனைத் திரும்ப ஏரியில் விடக் கூடாது என்று கட்டளை. கரையோரத்தில் அதற்கென்று பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் அதில் போட்டுவிட வேண்டும். ஏரிக்கரை அருங்காட்சியகத்து உணவகத்தில் பாஸ் மீனை மாவில் தோய்த்துப் பொரித்துச் சோற்றின் மேல் வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். தன் ஊரில் திரும்ப விட்டால் புண்ணியம்; அந்நிய ஊரில் திரும்ப விட்டால் குற்றம். மீன் ஒன்றுதான், இடந்தான் வேறு.

பெட்டி வாங்கப் போகிறீர்களா?

நம் வீட்டுப் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் எத்தனையோ பேர். அங்கே ஏரிக்கரைக்குப் போய் இந்தப் பழக்கம் பற்றிக்கொண்டவர்களும் உண்டு. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும்போது பிறந்தநாள் பரிசாக ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றினால், சில விஷயங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய பெட்டி வேண்டாம். காலி அறை இருந்தால் அதை நிரப்பும் வரை பெட்டியின் சொந்தக்காரருக்குத் தூக்கம் வராது. பாத்திரக் கடைக்குப் போன நமக்கு எப்படியோ அப்படித்தான். பொம்மையின் பளபளப்பில் முதலில் மாட்டுவது மீன் அல்ல, மனிதர் என்று தூண்டில்காரர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். உள்ளே தெரிகிற டப்பா இரண்டு போதும். மிருதுவான புழுவுக்குத் தகுந்த பிளாஸ்டிக்கா என்று அட்டையில் பாருங்கள். தாழ்ப்பாளைக் குழந்தை சுலபத்தில் திறக்க முடியாமல் இருக்கட்டும். உள்ளே இருப்பதெல்லாம் மூன்று கூர் முள். ஈயக் குண்டுக்குப் பதில் டங்ஸ்டன் குண்டு ஒரு பொட்டலம் வாங்கி வையுங்கள். அறுந்துபோன புழுவையும் நரம்பையும் தண்ணீரில் எறியாமல் போட்டுக்கொள்ள ஓர் அறையைக் காலியாக விடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் புழு தண்ணீரில் ஊறிப் பெருக்குமே தவிர மக்காது. மீன் வயிற்றில் போனாலும் செரிக்காது.

அஞ்சறைப் பெட்டியைப் பார்த்தே அந்த வீட்டுச் சமையலைச் சொல்லிவிடலாம் என்பார்கள் பெரியவர்கள். தூண்டில் பெட்டியும் அப்படித்தான். அறைகளில் என்ன இருக்கிறது, அடித்தட்டில் என்ன இல்லை, குப்பைக்கென்று இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்தாலே, அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர் ஏரிக்கு விருந்தாளியா, வழிப்பறிக்காரரா என்று தெரிந்துவிடும்.